பணம் கட்டுமுன் வேலைத்தலத்தைத் தேடுங்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். டவுன் சிண்ட்ரோம் உள்ள அவருடைய மகனுக்கு 23 வயது. பாடசாலையின் விசேட கல்வி அலகை விட்டு விலகியபின் வீட்டிலேயே இருக்கிறார். 60,000 ரூபா கட்டினால் ஆறு மாதப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று வீத ஒதுக்கீட்டில் அரசாங்க வேலையும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறாராம். கட்டலாமா என்று கேட்கிறார்.

கட்ட வேண்டாம். அந்த மூன்று வீதம் 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கையில் உள்ளது. பதவிக்குரிய தகைமைகளை உடைய மாற்றுத்திறனாளிகளுக்கே அது பொருந்தும். பரீட்சைத் தகைமை இல்லாத பிள்ளைக்கு அதனால் பயன் கிடைப்பது அரிது, அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் எந்தத் தரகருக்கும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் பிள்ளையால் என்ன முடியாது என்றுதான் படிவங்கள் கேட்கின்றன, என்ன முடியும் என்று கேட்பதற்கு ஒரு வரி இடமில்லை.

கட்டணம் வாங்குவோர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் காட்டும் பதிவுச் சான்றிதழைக் கண்டு திருப்திப்பட்டு விடாதீர்கள். தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரச அமைப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, உங்கள் மகன் படிக்கப்போகும் பாடநெறி தேசிய தொழில் தகைமைக்கு (NVQ) அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு. நிறுவனம் பதிவாகியிருந்தும் பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால், கையில் கிடைப்பது அழகாக அச்சடித்த கடதாசி மட்டுமே. ஆகவே பாடநெறியின் பெயரையும் தகைமை மட்டத்தையும் எழுத்தில் வாங்கி, ஆணைக்குழுவிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான், அதுவும் பற்றுச்சீட்டுக்கு மாத்திரம், பணம் கொடுக்கலாம்.

உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு வகுப்பறையில் பழகியதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் செய்வது கடினம். அதனால் முதலில் வேலைத்தலத்தைத் தேடி, அங்கேயே பழக்குவதுதான் நல்ல வழி. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களின் சலவைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். துவாய் மடிப்பதை விரித்தல், ஓரம் சேர்த்தல், பாதியாக மடித்தல், மீண்டும் மடித்தல், தட்டில் அடுக்குதல் என்று பிரிக்கலாம். பழக்குபவர் முதல் நான்கையும் தாமே செய்துவிட்டு, அடுக்குவதை மட்டும் மகனிடம் விட வேண்டும். அது கைவந்ததும் கடைசி மடிப்பையும் சேர்த்து அவரிடம் விட வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து முன்னோக்கிப் பழக்கினால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்துவைப்பவர் அவராகவே இருப்பார். கூடநின்று பழக்குபவர் நாளடைவில் விலகிக்கொள்வதும் அவசியம். தாயார் கூடவே போய் நிற்பது உதவாது.

பஸ்ஸில் தனியே போய்வருவது, சுகமில்லையென்றால் ஒருவரிடம் சொல்வது, கோயில் அன்னதானத்தில் வரிசையாகப் பரிமாறுவது ஆகியவற்றை இன்றிலிருந்தே தொடங்குங்கள். முதலாளிமார் முதலில் பார்ப்பது கைத்திறனை அல்ல, நேரத்துக்கு வருவதைத்தான்.

சுற்றுலாப் பருவம் சித்திரை மாதமளவில் தொடங்குவதால், பங்குனியிலேயே போய்க் கேளுங்கள். புரட்டாதிக்குப் பின் வேலை உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். உங்கள் பகுதிக்குரிய ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரையும் கூட அழைத்துச் செல்லப் பாருங்கள். அவர் “பிறகு வாருங்கள்” என்றால், கோரிக்கையை எழுத்தில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

“பயிற்சிக் காலம்” என்று சொல்லிச் சம்பளமின்றி மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் அநியாயம். பயிற்சி முடியும் திகதியை நியமனக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். முழுநேர வேலையென்றால், 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் மகன் 8 வீதமும் செலுத்த வேண்டும். சம்பளம் மகனின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரவேண்டும், வேலை பிடித்துக் கொடுத்தவரின் கணக்குக்கு அல்ல.