அமெரிக்கக் கத்தோலிக்கக் கல்லூரிகளில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களுக்கு உதவுகிறோம் என்பதெல்லாம் வெறும் விழாதானா?

கேட்டவர் அங்கே ஏதோ ஒரு மாணவர் சங்கத்தில் பொறுப்பை ஏற்றுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். விழாவுக்கு எல்லாரும் வருகிறார்கள், வேலைக்கு ஆள் இல்லை, அதுதானே?

டெக்சஸில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகத்தில் ஆறு வருடம் இருந்தேன். விழாவைக் குறை சொல்ல மாட்டேன். டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாள், விடியும் முன்பே வந்து மாதாவுக்கு மன்யானிதாஸ் என்ற மெக்சிகோ வாழ்த்துப் பாட்டைப் பாடுவார்கள். நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களுக்குப் படையல், அதற்கு வைக்கும் பூ நம்ம ஊர் செண்டுமல்லி. அது மெக்சிகோ பக்கத்துப் பூ என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். (இதைப் படம் எடுத்துப் போட்டதற்கு, மதம் மாறிவிட்டாயா என்று ஊரிலிருந்து மூன்று பேர் போன் செய்தார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தால்கூடக் கோபம் வந்திருக்காது.)

ஆனால் பூவை வைத்து ஃபீஸ் கட்ட முடியாது. மத்திய அரசின் உதவித்தொகைக்கு ஃபாஃப்சா என்று ஒரு படிவம் உண்டு, வழக்கமாக அக்டோபரில் வரும். 2024-25 கல்வியாண்டுக்கானது 2023 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. வந்தும், சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு ஆளுக்கொன்று தரும் அடையாள எண், குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்குக் கிடைக்காது) இல்லாத பெற்றோரால் அதை நிரப்ப முடியவில்லை. பிள்ளை அமெரிக்காவிலேயே பிறந்தவன், எல்லாத் தகுதியும் உண்டு, அம்மாவிடம் எண் இல்லை என்பதால் படிவம் அப்படியே நின்றது.

எனக்கு ஸ்பானிஷ் வணக்கம் சொல்லும் அளவுக்குத்தான். லத்தீனோ மாணவர் சங்கத் தலைவி, இரண்டாம் வருடம் படிக்கும் பெண், தினமும் சாயங்காலம் எங்கள் அலுவலக வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுப் பேசுவாள். நான் ஒரு பையனிடம், நல்லெண்ணத்தில்தான், "அம்மாவை அடையாள அட்டையோடு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டேன். அதோடு பையன் இரண்டு வாரம் எங்கள் பக்கமே வரவில்லை. "அலுவலகம், அடையாள அட்டை என்று சேர்த்துச் சொன்னால் அந்த அம்மா எப்படி சார் வருவாங்க?" என்று இந்தப் பெண்தான் வந்து கேட்டாள். ஆவணம் இல்லாதவர்களுக்கு, பிடித்து நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கே போய், சமையலறை மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். அந்தப் படிவம் போய்ச் சேர ஏப்ரல் ஆகிவிட்டது.

மே மாதம் மதிப்பெண் குறைந்தவர்கள் பட்டியல் என் திரைக்கு வந்தது. அதில் அவள் பெயர். வேதியியலில் ஃபெயில். இப்படியே போனால் உதவித்தொகை நின்றுவிடும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது எங்கள் அலுவலகம்தான், அடியில் இருப்பது என் பெயர்.

இளங்கலை மாணவர்களில் குறைந்தது 25 சதவீதம் லத்தீனோ என்றால் ஒரு கல்லூரி அதற்கென்றே அப்போது இருந்த மத்திய அரசு நிதிக்கு விண்ணப்பிக்க முடிந்தது. எங்கள் விண்ணப்பத்தில் அந்தப் பெண்ணின் படம் இருந்தது. அவளுக்கு மணிக்கு இவ்வளவு என்று ஏதாவது கொடுக்கலாமே என்று கேட்டேன், சேவை நம் விசுவாசத்தின் பகுதி என்றார்கள். இங்கேயும் யாராவது வந்து சேவைக்குக் கூலியா என்று கேட்பீர்கள், கேளுங்கள். அதே சேவைக்கு நான் மாதாமாதம் சம்பளம் வாங்கினேனே, அதை யாரும் கேட்கவில்லை. எல்லாக் கல்லூரியும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை, நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருடம் சம்பளத்தோடு இரண்டு மாணவர் இடம் போட்டார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். கோடையில் வேதியியலைத் திரும்ப எழுதிப் பாஸாகிவிட்டதாகவும், சங்கத்தை விட்டுவிட்டதாகவும் சொன்னாள்.