வெயிலில் நெடுந்தூர சைக்கிள்: தண்ணீர் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கே: ஏப்ரலில் சென்னையிலிருந்து ஈசிஆர் வழியே புதுச்சேரி போகிறோம். எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போகணும் அண்ணா?

ப: 150 கிலோமீட்டருக்கும் சேர்த்துச் சுமக்க வேண்டாம் தம்பி. அடுத்த கடை வரைக்கும் போதுமா என்று மட்டும் பாருங்கள். மாமல்லபுரம் வரை கடைகளுக்குக் குறைவில்லை. இரண்டு 750 மில்லி பாட்டில் போதும். கல்பாக்கம் தாண்டினால் கடைகள் தள்ளித் தள்ளித்தான் வரும். அதற்கு முன்பே இரண்டையும் நிரப்பி, ஒரு லிட்டர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்பின் தேவையை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள்.

கே: ஃப்ரிட்ஜ் தண்ணீர் சீக்கிரமே வெந்நீர் மாதிரி ஆகிவிடுகிறதே?

ப: வெறும் குளிர்ந்த தண்ணீர் தாங்காது, ஐஸ் வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற ஒரு கலோரி போதும். ஒரு கிராம் ஐஸ் கரையவே 80 கலோரி தேவை. பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் சாய்த்து வைத்துவிடுங்கள். ஐஸ் ஒரு பக்கமாகப் பிடிக்கும், வாய் அடைக்காது. காலையில் மீதியைக் குளிர்ந்த தண்ணீரால் நிரப்புங்கள். இரண்டாவது பாட்டிலில் முக்கால் பங்கு ஐஸ் இருக்கட்டும். முதல் பாட்டில் தீரும்வரை அதைத் தொடாதீர்கள். முழுக்க நிரப்பி உறைய வைக்கவே கூடாது. உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பெருத்துப் பாட்டிலைப் பிளந்துவிடும்.

கே: ஸ்டீல் ஃப்ளாஸ்க் நல்லதுதானே?

ப: மணிக்கணக்கில் சில்லென்றே இருக்கும். ஆனால் கனம், ஓட்டிக்கொண்டே அழுத்திக் குடிக்கவும் முடியாது. பையில் வையுங்கள், நிற்குமிடத்தில் பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஃப்ளாஸ்க்கை ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், ஐஸ்கட்டியாகப் போடுங்கள்.

கே: பாட்டிலுக்கு ஈர சாக்ஸ் மாட்டினால்?

ப: மண்பானை குளிர்வது போலத்தான், ஈரம் ஆவியாகிறபோது சூட்டை எடுத்துக்கொள்ளும். திருச்சி, மதுரைப் பக்கத்து வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். கடலோரப் புழுக்கத்தில் பலன் குறைவு.

கே: நிறையக் குடித்தும் தலைவலி, குமட்டல். ஏன் அண்ணா?

ப: வெயில் தாக்கமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடி), பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து வையுங்கள். வழியில் உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் நின்று குடியுங்கள். பேச்சுக் குழறினாலோ தடுமாறினாலோ அங்கேயே நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

கே: இரண்டு பாட்டிலிலுமே ஓஆர்எஸ் கலக்கலாமா?

ப: வேண்டாம் தங்கச்சி. ஒன்றில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். பிடரியிலும் தலையிலும் ஊற்றிக்கொள்ள, கண்ணில் தூசி விழுந்தால் கழுவ, அதுதான் உதவும்.