லாக்புக் நிறைந்துவிட்டது, நைட் டூட்டிக்குத் தனியாக விடலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். அதற்கு முன் பத்து வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தேன். கடைசி வருட மாணவிகள் 32 பேர். எல்லாருடைய லாக்புக்கும் (வார்டில் செய்த வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் பதிவேடு) நிறைந்துவிட்டது. இன்டர்னல் மார்க்கும் யாருக்கும் 80க்குக் குறையவில்லை. ஆனால் அதில் இரண்டு பேரை ராத்திரியில் தனியாக ஒரு வார்டில் விட எனக்குத் தைரியம் வரவில்லை. இதைக் காகிதத்தில் எப்படிக் காட்டுவது? மார்க்கைக் குறைத்தால் பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் என்ன பதில் சொல்வது? அந்த இருவரிடம் இப்போதே சொல்லிவிடலாமா, பரீட்சை முடியட்டும் என்று விடலாமா?

பதில்: சிஸ்டர், நீங்கள் தேடும் அளவுகோல் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ‘தனியாக விடத் தைரியம் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். பத்து வருடம் வார்டில் நின்ற ஒருவருக்கு வரும் அந்தத் தயக்கம் மார்க் ஷீட்டில் ஏறுவதில்லை. அதை ஏற்றுவதற்கு வழி இருக்கிறது.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரப் பேராசிரியர் ஓலே டென் காட்டே 2005இல் இதையே ஒரு முறையாக எழுதி வைத்தார். ‘நூற்றுக்கு எத்தனை’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘எந்த வேலையை, எவ்வளவு கண்காணிப்போடு இவரிடம் ஒப்படைக்கலாம்’ என்று கேட்கச் சொன்னார். அதற்கு ஐந்து நிலைகள். முதல் நிலையில் மாணவி பார்க்க மட்டும் செய்கிறாள். அடுத்து, நீங்கள் பக்கத்தில் நிற்க அவள் செய்கிறாள். அதற்கடுத்து, கூப்பிட்டால் ஓடி வரும் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நான்காவதில் தனியாகவே செய்கிறாள். ஐந்தாவதில் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். உங்கள் தயக்கம் இப்போது ஒரு எண்ணாகிவிட்டது பாருங்கள். அந்த இரண்டு பேரும் சில வேலைகளில் இன்னும் இரண்டாம் நிலையில் இருக்கிறார்கள்.

‘சில வேலைகளில்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருத்தி மொத்தமாகக் கெட்டிக்காரி, இன்னொருத்தி மொத்தமாக மக்கு என்று வார்டில் யாரும் கிடையாது. ஒரு கேஸில் நன்றாகச் செய்தவர் அடுத்த கேஸில் தடுமாறுவார் என்பது இந்தத் துறையில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது நம் மதுரையில்தான். அங்கே கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, அறுவை அரங்கில் உதவுவது என்று வேலை வேலையாகக் கையில் கொடுக்கிறார்கள். ஒப்படைப்பது என்றால் இப்படித்தான், ஒவ்வொரு வேலையாக.

சரி, லாக்புக்குக்கு வருவோம். இதில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த புதிதில், மாதக் கடைசியில் ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) லாக்புக்குகளை அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். எல்லாரும் போடுகிற மாதிரி நானும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பையனுடைய புத்தகத்தில் ‘ரைல்ஸ் டியூப் போட்டது - 5’ என்று இருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொடுக்கப் போடும் குழாய் அது. அதற்கும் போட்டேன். அடுத்த வாரம் ராத்திரி டூட்டியில் அவன் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு டியூப் போட்டான். சிரிஞ்சால் காற்றைத் தள்ளி, வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கேட்டுவிட்டு, “சத்தம் கேக்குது சிஸ்டர், ஃபீட் குடுத்துரலாம்” என்றான். வார்டு சிஸ்டர் டியூபைப் பார்க்கவில்லை, பெரியவர் முகத்தைப் பார்த்தார். இருமல் நிற்கவே இல்லை. “எக்ஸ்ரே எடுத்துட்டுக் குடுப்போம் டாக்டர்” என்றார். எக்ஸ்ரேயில் டியூப் வலது பக்கத்து மூச்சுக்குழாய்க்குள் இருந்தது. அந்தக் கஞ்சி இறங்கியிருந்தால் நேராக நுரையீரலுக்குத்தான் போயிருக்கும்.

காற்றைத் தள்ளிச் சத்தம் கேட்கும் சோதனையை நம்பக் கூடாது. டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். டியூப் வழியாக உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். திரவம் வரவில்லை, சந்தேகம் என்றால் எக்ஸ்ரே. பிறகு அந்தப் பையனை உட்கார வைத்து விசாரித்தேன். ஐந்து முறை போட்டது உண்மைதான். ஐந்து முறையும் அதே தவறான சோதனையைத்தான் செய்திருக்கிறான். ஒரு முறைகூட யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. அன்றிலிருந்து கண்ணால் பார்க்காத எதற்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. நீங்களும் போடாதீர்கள், மற்ற டியூட்டர்களையும் போட விடாதீர்கள்.

ஜார்ஜ் மில்லர் 1990இல் ஒரு பிரமிடு வரைந்தார். அடியில் ‘தெரியும்’, அதன் மேல் ‘எப்படி என்று தெரியும்’, அதற்கு மேல் ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘செய்கிறார்’. எழுத்துத் தேர்வும் வைவா என்ற வாய்மொழித் தேர்வும் கீழ் இரண்டு படிகளைத் தாண்டுவதில்லை. ஓஸ்கி, அதாவது ஒவ்வொரு மேசையாகப் போய்ச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு, மூன்றாம் படி. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவர் குழுவினரும் கொண்டுவந்தது அது. நல்ல முறை. எல்லாருக்கும் ஒரே கேஸ், ஒரே நேரம், ஒரே செக்லிஸ்ட். வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் மனநிலை, வந்து வாய்த்த நோயாளி என்ற அதிர்ஷ்டக் கணக்கெல்லாம் குறையும். ஆனால் ஓஸ்கியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாணவி “கை கழுவுகிறேன் மேடம்” என்று வாயால் சொல்வாள், கை நனையாது, டிக் விழும். செக்லிஸ்ட் பட்டியலைப் பார்க்குமே தவிர ஆளைப் பார்க்காது. பட்டியலோடு, ‘மொத்தத்தில் இவள் கையில் நோயாளியைக் கொடுப்பேனா’ என்று அனுபவமுள்ள ஒருவர் தரும் ஒரு மதிப்பீடும் இருக்கட்டும்.

உங்கள் கவலை உச்சிப் படியைப் பற்றியது. பரீட்சை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் என்ன செய்கிறாள்? அதற்கு வார்டிலேயே நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஜான் நார்சினியும் அவரோடு இருந்தவர்களும் 1995இல் வெளியிட்ட மினி சி.இ.எக்ஸ். முறையின் சாரம் இதுதான். உண்மையான நோயாளியிடம் மாணவர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் குறுக்கிடாமல் பாருங்கள், உடனே அதைப் பற்றி அவரிடம் பேசுங்கள்.

ஒரு காட்சி சொல்கிறேன். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அறுபது வயது அம்மா, புதிதாக இன்சுலின் தொடங்கியிருக்கிறார். நாளை டிஸ்சார்ஜ். மாணவி வந்து, “இன்சுலினை இரண்டிலிருந்து எட்டு டிகிரியில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கணும், உணவுக்கு முன் போடணும், இடத்தை மாத்தி மாத்திப் போடணும்” என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் “சரித்தா, சரித்தா” என்று தலையாட்டினார். செக்லிஸ்டில் பத்துக்குப் பத்து. மாணவி நகர்ந்ததும் நான், “அந்தப் பொண்ணு என்னம்மா சொல்லுச்சு, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க” என்றேன். “ஃப்ரிட்ஜுல வைக்கச் சொல்லுச்சு. எங்க வீட்டுல ஃப்ரிட்ஜு இல்லய்யா, கடைக்காரர் வீட்டுல வைக்கலாமான்னு யோசிக்கேன்” என்றார்.

அன்று மதியம் வேறொரு மாணவி வேறொரு நோயாளியிடம் முதலில் கேட்டது: “வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்காம்மா?” இல்லை என்றதும், சின்ன மண்பானையை ஈரமணலில் வைத்து, மருந்தைத் தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு உள்ளே வைக்கச் சொன்னாள். பிறகு ஊசியை அவர் கையில் கொடுத்து, “நீங்க ஏத்திக் காட்டுங்க” என்றாள். எட்டு டிகிரி, பத்து டிகிரி என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த எழுத்துத் தேர்வும் காட்டியிருக்காது.

இதைப் பார்த்தவுடன் தாளில் எழுத வேண்டும். ‘நன்று’, ‘முன்னேற்றம் தேவை’ என்று எழுதாதீர்கள், அவற்றால் யாருக்கும் பயனில்லை. கண்ட காட்சியை எழுதுங்கள்: ‘பி.பி. கஃப்பை ரவிக்கைக் கைக்கு மேலேயே சுற்றினாள். பாட்டி கால் தொங்க உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். 150/90 வந்தது. ஓய்வு கொடுத்துத் திரும்ப அளக்கவில்லை.’ கண் அறுவைப் பயிற்சிக்கு சர்வதேச கண் மருத்துவக் கவுன்சில் தந்திருக்கும் ஆஸ்கார் (OSCAR) என்ற மதிப்பீட்டு அட்டவணையில் அறுவையின் ஒவ்வொரு கட்டத்துக்கும், தொடக்கநிலையில் இருப்பவர் எப்படிச் செய்வார், தேர்ந்தவர் எப்படிச் செய்வார் என்று வார்த்தையிலேயே எழுதியிருக்கும். வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போடுவது, சிறுநீர்க் கேத்தீட்டர் பராமரிப்பு, ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் என்று உங்களுக்கு முக்கியமான ஏழெட்டு வேலைகளுக்கு நீங்களே அப்படி ஒரு தாள் தயாரித்துவிடலாம். ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முறைக்கு 15 நிமிடம், பத்து நிமிடம் பார்க்க, ஐந்து நிமிடம் பேச. ஒரு மாணவிக்கு எட்டு முறை என்றால் 32 பேருக்கு 256 முறை, அதாவது 64 மணி நேரம். 16 வாரத்தில் பரப்பினால் வாரம் நான்கு மணி நேரம். உங்களோடு இன்னொரு டியூட்டர், இரண்டு வார்டு சிஸ்டர்கள் சேர்ந்தால் தலைக்கு வாரம் ஒரு மணி. சித்திரைத் திருவிழா வாரத்தை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள், பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். எட்டும் ஒரே ஆள் பார்த்ததாக இருக்கக் கூடாது, ஒரே வேலையாகவும் இருக்கக் கூடாது. தொடங்கும் முன் நான்கு பேரும் ஒரே மாணவியை ஒன்றாகப் பார்த்து, தனித்தனியாக எழுதி, ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் நான்காம் நிலை என்பார், ஒருவர் இரண்டு என்பார். அந்தச் சண்டையைத் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. அந்த இருவரும் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களா என்று பாருங்கள். இங்கிலீஷில் கேட்டால் வாயடைத்து நிற்கிற பிள்ளை, தமிழில் கேட்டால் டிரிப் ஏன் வீங்கியது என்று தெளிவாகச் சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பயமும் கூச்சமும் திறமைக்குறைவாக மார்க்கில் விழுந்துவிடக் கூடாது. நீங்கள் அளப்பது நர்சிங் வேலையை. தமிழிலேயே கேளுங்கள். மருந்துச் சீட்டை வாசிக்கவும் ஹேண்ட் ஓவர் எழுதவும் வேண்டிய இங்கிலீஷ் வேறு, அதைத் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் பதில் அந்தத் தாள்கள்தான். ‘மேடத்துக்கு எம்பொண்ணைப் பிடிக்கல’ என்று சொல்ல முடியாதபடி நான்கு பேர் கையெழுத்தில், தேதியோடு, நடந்தது மட்டும் எழுதப்பட்ட எட்டுத் தாள்கள் மேசையில் இருக்கும். முடிவையும் நீங்கள் தனியாக எடுக்க வேண்டாம். மூன்று நான்கு பேர் உட்கார்ந்து மொத்தத்தையும் வாசித்து, இந்த வேலைக்கு இன்னும் இரண்டாம் நிலை, இதற்கு நான்காம் நிலை என்று எழுதுங்கள். பெயில் என்ற வார்த்தைக்கே அங்கே இடம் வராது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இப்போதே சொல்லுங்கள், நாளைக்கே. வருடக் கடைசியில் போய்ச் சொன்னால் அது தண்டனை போல ஆகிவிடும். இன்று சொன்னால் சரிசெய்ய அவளுக்கு நாள் இருக்கிறது. மற்றவர்கள் இல்லாத இடத்தில் உட்கார வைத்து, ‘நீ சரியில்லை’ என்று தொடங்காமல், பார்த்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துப் பேசுங்கள்: “நேத்து எட்டாம் பெட்ல ட்ரிப் போட்டப்ப கையில வீக்கம் வந்துச்சு. நீ கவனிச்சியா? என்ன நெனச்ச?” அவள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். அப்புறம், “வர்ற வியாழக்கிழமை காலைல நான் பக்கத்துல நிக்கிறேன், நீ போடு” என்று சொல்லி, அந்த வியாழக்கிழமை கட்டாயம் போய் நில்லுங்கள்.