பௌதிகவியலை விட்டால் மிருக வைத்தியர் ஆகலாமா?

கேள்வி: சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு வந்திருக்கிறது. மிருக வைத்தியராக வேண்டும் என்பதுதான் ஆசை. பௌதிகவியல் என்றால் பயம். உயிரியல், இரசாயனவியலோடு விவசாய விஞ்ஞானம் எடுத்தால் போதும் என்கிறார்கள். கண்டியில் இருக்கும் மாமா அங்கே வந்து படிக்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: போதாது, மகள். பாடத்தை எழுதிக் கொடுக்க முதல் இதை வாசியுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படிக்க உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் குறைந்தது எஸ் (சாதாரண) சித்தி வேண்டும். அதுவும் ஒரே தடவையில் பெற்றதாக இருக்க வேண்டும். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவருக்கு விவசாய பீடங்களின் கதவு திறக்கும், இது திறக்காது. மூன்று ஏ எடுத்தாலும் திறக்காது. பிள்ளைகள் பலர் இதை விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அறிகிறார்கள். அப்போது பாடம் மாற்றுவதென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் விலங்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். நல்ல படிப்புத்தான். ஆனால் விவசாயப் பட்டத்தை வைத்து மிருக வைத்தியராகப் பதிவு செய்ய முடியாது.

பௌதிகவியல் பயத்துக்கு ஒரு கணக்கு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து பரந்திருக்கும் அளவால்) வகுத்து வருவது. மூன்று பாடங்களின் சராசரிதான் உங்கள் இறுதி இசட் புள்ளி. உதாரணமாக ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைத்தால், 55 எடுத்தவருக்கு 1.0 கிடைக்கும். சராசரி 60, நியம விலகல் 15 உள்ள பாடத்தில் 65 எடுத்தால் வருவது 0.33 மட்டும். எல்லோரும் திணறும் பாடத்தில் நீங்கள் கொஞ்சம் முன்னே நின்றாலே பலன் பெரிது. காவிகள், மடக்கை, திரிகோண கணிதம், வரைபின் சாய்வு: இந்த நாலையும் வகுப்பு தொடங்க முதல் பிடித்துக்கொள்ளுங்கள். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்தக் கணிதத்தில்தான்.

இனி மாமாவின் யோசனை. பல்கலைக்கழக அனுமதியில் பொதுவாக 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகம். உங்கள் மட்டக்களப்பும் பக்கத்து அம்பாறையும் அந்தப் பதினாறில் உள்ளன, கண்டி இல்லை. உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு விலாசம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தப் பாடசாலையில் எத்தனை வருடம் படித்தீர்கள் என்பதையும் பார்க்கிறார்கள். கண்டிக்குப் போனால் போட்டி வேறு, வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய குறைந்த இசட் புள்ளி) வேறு. நல்ல ரியூஷனுக்காக மட்டும் என்றால், பாடசாலையை மாற்றாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. மாறத்தான் வேண்டுமென்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை அதிபரோடு இருந்து வரி வரியாக வாசித்த பிறகு மாறுங்கள்.

மூன்று தடவைதான் உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். ஆயத்தமில்லாமல் "சும்மா ஒருக்கா எழுதிப் பார்ப்பம்" என்று ஒரு ஷையை (தடவையை) வீணாக்காதீர்கள். இரண்டாம் ஷையில் பௌதிகவியலை மட்டும் எழுதி, பழைய உயிரியல் பெறுபேற்றோடு ஒட்டவும் இயலாது, மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகள் கட்டாயம். அது இசட் புள்ளியில் சேராததால் பிள்ளைகள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை யோசிக்காமல் நிரப்பி வைக்காதீர்கள். உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மேலே இருப்பதைத்தான் தருவார்கள். மிருக வைத்தியத்துக்கு மேலே அரை மனதோடு போட்ட கற்கைநெறி கிடைத்துவிட்டால், கீழே இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

வெளிநாட்டில் படிக்கலாம் என்று முகவர் யாராவது வந்தால், காசு கட்ட முதல் அந்தப் பட்டம் இங்கே பதிவுக்கு ஏற்கப்படுமா என்று இலங்கை மிருக வைத்திய சபையிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.