புரட்சி செய்து ஜனநாயகம் பெற்ற துனிசியா, பத்தே ஆண்டுகளில் மீண்டும் ஒருவர் ஆட்சிக்குப் போனது எப்படி?

பெரும்பாலான பதில்கள் அதிபர் கைஸ் சையத் என்ற ஒரே ஆளைச் சுற்றி வருகின்றன. அவர் மேல் பழி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனை மட்டும் ஏசிக்கொண்டிருக்க முடியாது.

2011 ஜனவரியில் சர்வாதிகாரி பென் அலி நாட்டை விட்டு ஓடினார். 2014இல் புதிய அரசியல் சாசனம் வந்தது. சட்டங்கள் சாசனத்துக்கு உட்பட்டவையா என்று தீர்ப்பளிக்க அதில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் 12 பேர்: நாடாளுமன்றம் 4, நீதித்துறை உயர் மன்றம் (நீதிபதிகளின் நியமனத்தைக் கவனிக்கும் அமைப்பு) 4, அதிபர் 4. நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து ஓராண்டுக்குள் அமைத்திருக்க வேண்டும். அமைக்கவே இல்லை. நாடாளுமன்றம் தன் பங்கைத் தேர்ந்தெடுக்க 217 பேரில் 145 பேர் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு கட்சியும் தன் ஆளுக்காக மல்லுக்கட்டியதில் ஒருவர்தான் தேறினார். தேவையான வாக்குகளைக் குறைக்க 2021இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லி சையத் கையெழுத்திட மறுத்தார். மனிதர் அரசியல் சாசனச் சட்டப் பேராசிரியர், எந்தப் பூட்டு எங்கே பழுது என்று அவருக்குத் தெரியாதா என்ன!

அந்த ஆண்டு ஜூலை 25 அன்று, நெருக்கடிக் கால அதிகாரம் தரும் சாசனத்தின் 80ஆம் பிரிவைக் காட்டிப் பிரதமர் ஹிஷாம் மெஷிஷியை நீக்கினார், நாடாளுமன்றத்தை முடக்கினார். அந்தப் பிரிவை வாசித்தால் சிரிப்புதான் வரும். நெருக்கடிக் காலம் முழுக்க அவை கூடியே இருக்க வேண்டும் என்கிறது அது. சபாநாயகர் ரஷீத் கன்னூஷி போய் நின்றபோது ராணுவம் உள்ளே விடவில்லை. 30 நாள் கழித்து நெருக்கடி நீடிக்கிறதா என்று அரசியல் சாசன நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்றும் சொல்கிறது. எந்த நீதிமன்றத்திடம்?

அன்றிரவு மக்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கொரோனா சாவுகள் உச்சத்தில் இருந்தன, வேலை இல்லை, ஆண்டுக்கு ஒன்று என்கிற மாதிரி அரசுகள் மாறிக்கொண்டிருந்தன. ஜூன் 30 அன்று அபீர் மூசி என்ற பெண் உறுப்பினரை சக உறுப்பினர் ஒருவர் அவைக்குள்ளேயே அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட அவைக்குப் பூட்டுப் போட்டால் யார் அழுவார்கள்?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். செப்டம்பரில், நாடாளுமன்றம் இல்லாமல் அதிபரின் ஆணை வழி ஆட்சி. 2022 பிப்ரவரியில் நீதித்துறை உயர் மன்றம் கலைப்பு. ஜூனில் ஒரே ஆணையில் 57 நீதிபதிகள் நீக்கம். அவர்களில் பெரும்பாலோரின் நீக்கத்தை, அரசு உத்தரவுகள் மீதான வழக்குகளை விசாரிக்கும் நிர்வாக நீதிமன்றம் நிறுத்திவைத்தது, அரசு சட்டை செய்யவில்லை. ஜூலையில் அவருடைய புதிய சாசனத்துக்குப் பொது வாக்கெடுப்பு: ஆதரவு 94 சதவீதத்துக்கு மேல், வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். 'பொய்ச் செய்தி' பரப்பினால் ஐந்தாண்டு சிறை என்ற 54ஆம் ஆணையும் அதே ஆண்டுதான். விமர்சித்த பத்திரிகையாளர்கள் மீதும் வழக்கறிஞர்கள் மீதும் அது பாய்ந்தது. 2023 ஏப்ரலில் கன்னூஷி கைதானார். இத்தனைக்கும் அவருடைய என்னஹ்தா கட்சி அந்த நீதிமன்றம் அமையாமல் போன ஆண்டுகளில் அவையின் பெரிய கட்சிகளில் ஒன்று. பாவம் என்றும் தோன்றுகிறது, கோபமும் வருகிறது.

உறுதியான கட்சி எதுவும் இல்லாமல் ஜெயித்தவர் சையத் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். 2019 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், நேர்மையாகவே. அவர் வாக்குகளைத் திருடி வந்தவர் அல்லர்.

2024 அக்டோபர் அதிபர் தேர்தல் வேறு ரகம். மூன்று வேட்பாளர்களைச் சேர்க்கச் சொல்லி நிர்வாக நீதிமன்றம் உத்தரவிட்டது, தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையே அந்த நீதிமன்றத்திடமிருந்து, சையத்தின் புதிய சாசனப்படி அமைந்த நாடாளுமன்றம் பறித்தது. எதிர்த்து நின்ற இருவரில் அயாஷி ஸம்மேல் சிறையில் இருந்தபடி போட்டியிட்டார். சையத்துக்கு 90.7 சதவீதம். வாக்களிக்க வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.