994 முறை

அன்புள்ள ஐயா,

அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டு அறியாதவன். என் மகனுக்குப் பதினான்கு வயது. இந்த வருடம் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் அவனை ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கி ஓடுகிறவன், ஆக்கியிருக்கிறார்கள். அறைச் சுவரில் ஹெர்ஷல் வாக்கர் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். எனக்கு அந்தப் பெயர் 2022 செனட் தேர்தலில் ரஃபேல் வார்னாக்கிடம் தோற்ற வேட்பாளராக மட்டுமே தெரியும். அலுவலகத்தில் விசாரித்தால், அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள்கூட அரசியலை ஒதுக்கிவிட்டுக் கண்கள் மின்னப் பேசுகிறார்கள். கல்லூரியில் மூன்றே வருடம் ஆடிய பையன்மேல் நாற்பது வருடம் கழித்தும் இவ்வளவு பித்து ஏன்? டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் தண்டால் எடுத்துத்தான் அவர் அப்படி ஆனார் என்கிறான் மகன். இப்போது அவனும் எடுக்கிறான். உழைத்தால் போதும் என்பதுதானா இந்தக் கதை?

கே.

அன்புள்ள கே.,

தண்டால் கதை பொய்யில்லை. உங்கள் வீட்டிலிருந்து தென்கிழக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டினால் ரைட்ஸ்வில் என்ற சின்ன ஊர் வரும். ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஹெர்ஷலும் ஒருவர். சிறு வயதில் குண்டு, திக்குவாய் வேறு. கேலிக்கும் அடிக்கும் குறைவில்லை. ஓட்டப்பந்தயத்தில் சொந்த அக்காவையே பல வருடம் முந்த முடியவில்லை. உடம்பு பலமாக என்ன செய்யலாம் என்று பள்ளியில் கோச் டாம் ஜோர்டனிடம் கேட்டபோது, தண்டால் எடு, படுத்து எழு, ஓடு என்று மூன்று காரியங்களைத்தான் அவர் சொன்னார். அதன் பிறகு விளம்பர இடைவேளைகளில் பையன் தரையில்தான் கிடந்தான். 1979-ல், பள்ளியின் கடைசி வருடத்தில், பந்தோடு அவர் ஓடிய தூரம் 3,167 யார்டு. ஜான்சன் கவுண்டி பள்ளி தன் பிரிவில் மாநில சாம்பியன் ஆனது.

இதை அமெரிக்கர்கள் சொல்லச் சலிப்பதில்லை. எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தக் கதையில் ஒரு பையனும் ஒரு டிவி பெட்டியும் மட்டும்தான் இருக்கிறார்கள். ஊரைக் காணோம்.

1980-ன் தொடக்கத்தில் ரைட்ஸ்வில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊரில் நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களின் கோச்சுகள் வந்து குவிந்துவிட்டார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் உதவிக் கோச் மைக் கேவன் ஏறக்குறைய அங்கேயே குடியிருந்தார். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட இத்தனை பொறுமையாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்று கையெழுத்துப் போடும் காலம் பிப்ரவரியில் தொடங்கியும் ஹெர்ஷல் வாய் திறக்கவில்லை. ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜார்ஜியா என்றார். காசைச் சுண்டிப் போட்டு முடிவெடுத்ததாகப் பிற்பாடு சொன்னார்.

அதே ஏப்ரலில் அந்த ஊரின் நீதிமன்ற வாசலில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வேலையிலும் நிர்வாகத்திலும் சம உரிமை கேட்டு ஊர்க் கறுப்பின மக்கள் போராடினார்கள். வெள்ளையர் கூட்டம் அவர்களைத் தாக்கியது. தேசியப் பத்திரிகைகள் வந்து இறங்கின. ஊரின் மிகப் பிரபலமான கறுப்பின இளைஞன் என்ன சொல்லப் போகிறான் என்று இரு தரப்பும் பார்த்துக்கொண்டிருந்தன. பதினெட்டே வயதான ஹெர்ஷல் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. அதற்காகச் சொந்த மக்களில் பலர் அவரை மன்னிக்கவில்லை. அந்த மௌனத்தை இங்கே உட்கார்ந்துகொண்டு கோழைத்தனம் என்று எழுத என்னால் முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்ற வாசலில் அவர் இனத்தார் அடி வாங்கிய அதே மாதத்தில்தான், இன்னார் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் என்பதற்காக மாநிலமே குதூகலித்தது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். களத்தில் பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். பந்தை எறியலாம், அல்லது பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுத்து ஓடவிடலாம். முன்வரிசைத் தடியர்கள் ஐவர் இடித்துப் பிளக்கும் இடைவெளி கண்மூடித் திறப்பதற்குள் அடைந்துவிடும். அதற்குள் அவன் நுழைந்து போக வேண்டும். கபடியில் பாடிப் போகிறவனுக்காவது திரும்பிவர ஒரு கோடு உண்டு. ரன்னிங் பேக்கின் ஓட்டம் பெரும்பாலும் முடிவது யாராவது அவனைத் தரையில் சாய்க்கும்போதுதான். அரை நிமிடத்தில் எழுந்து நின்று மறுபடியும் பந்தை வாங்க வேண்டும்.

1980 செப்டம்பர் 6, டென்னசியின் நாக்ஸ்வில் மைதானம். 95,000-க்கு மேல் கூட்டம். முதல் வருடப் பையன் என்பதால் ஹெர்ஷலை ஆரம்பத்தில் இறக்கவில்லை. ஜார்ஜியா 15–0 என்று பின்தங்கியது. ஒரு தற்செயலில் இரண்டு புள்ளி கிடைத்தது. அதன் பிறகுதான் அந்த ஓட்டம் வருகிறது. மங்கலான ஒளிப்பதிவுதான், ஆனாலும் கட்டாயம் பாருங்கள். எதிரே டென்னசியின் பில் பேட்ஸ் தடுக்க நிற்கிறார். எந்த ஓட்டக்காரனும் அங்கே ஒதுங்கித்தான் போவான். இவர் ஒதுங்கவில்லை. நேராகப் போய் அவரை மல்லாக்கச் சாய்த்து, மேலேறி மிதித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோடு தாண்டி டச்டவுன் போடுகிறார். வானொலியில் ஜார்ஜியாவின் வர்ணனையாளர் லாரி மன்சன், “அடக் கடவுளே, முதல் வருடப் பையன்!” என்று அலறினார். ஹெர்ஷல் இன்னொரு டச்டவுனும் போட, ஜார்ஜியா 16–15-ல் வென்றது. அன்று அவர் ஓடிய மொத்தத் தூரம் 84 யார்டுதான். புள்ளிவிவரமாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்துக்காரர்களின் கண்கள் மின்னுகின்றனவே, அந்தப் பித்து பிடித்தது அன்றைக்கு ராத்திரிதான்.

அந்த வருடம் ஜார்ஜியா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1981 புத்தாண்டு தினத்தன்று நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல் என்ற பருவ இறுதி ஆட்டம். எதிரணி நோட்ர டேம். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஹெர்ஷலின் தோள்மூட்டு பிசகிவிட்டது. சரிசெய்துகொண்டு திரும்ப வந்தார். 36 முறை பந்தை வாங்கி 150 யார்டு ஓடினார். அன்று ஜார்ஜியா அணி மொத்தமாக முன்னேறிய தூரம் 127 யார்டு! எழுத்துப்பிழை இல்லை. மற்றவர்கள் ஆடியதில் அணி பின்னால்தான் போயிருந்தது. 17–10 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். அடுத்த தேசியப் பட்டத்துக்கு ஜார்ஜியா நாற்பத்தொரு வருடம் காத்திருந்தது. உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

மூன்று வருடத்தில் 33 வெற்றி, 3 தோல்வி. 5,259 யார்டு. 1982-ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை. எல்லோரும் இந்த எண்களைச் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறோர் எண்ணை. பந்தோடு அவர் ஓடியது 274, 385, 335, ஆக மொத்தம் 994 முறை. பயிற்சி கணக்கில் இல்லை. இருபத்தொரு வயது ஆகும் முன்பே அத்தனை முறை அந்த உடம்பு மோதலுக்குள் போயிருக்கிறது. கூலியாகப் படிப்புச் செலவும் சாப்பாடும் தங்க இடமும்.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றை விளையாட்டுப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. எத்தனை கல்லூரி ஆட்டங்களை டிவியில் காட்டலாம் என்பதை அப்போது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்புதான் தீர்மானித்தது. அதை எதிர்த்து 1981-ல் வழக்குப் போட்டவை ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கமும். எங்கள் ஆட்டம் எங்கள் சொத்து, நாங்களே விற்றுக்கொள்வோம் என்பது வாதம். 1984-ல் உச்சநீதிமன்றம் 7–2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று கல்லூரி ஃபுட்பாலில் புரளும் டிவி பணத்துக்குக் கதவு திறந்தது அந்தத் தீர்ப்புதான். ஆடுகிறவன் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று அதே என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொள்ள 2021 ஜூலை வரை ஆனது. ஹெர்ஷல் நான்காம் வருடம் காத்திராமல், 1983 பிப்ரவரியில் யு.எஸ்.எஃப்.எல். என்ற புதிய தொழில்முறை லீகுக்குப் போனபோது, ஜார்ஜியாவில் பலர் அதைத் துரோகமாகப் பார்த்தார்கள். எனக்கு அது அவர் போட்ட மிகச் சரியான கணக்காகப் படுகிறது.

என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 994 முறை மோதியும் ஹெர்ஷலின் உடம்பு உடையவில்லை. 1997 வரை தொழில்முறையாக ஆடினார். நடுவில் 1992 குளிர்கால ஒலிம்பிக்ஸில் பனிச்சறுக்கு வண்டி தள்ளி ஏழாம் இடம் பிடித்தார். (மனம் வேறு கதை. தனக்கு ஆளுமைப் பிளவு நோய் இருப்பதாக 2008-ல் அவரே எழுதினார்.) அவர் விதிவிலக்கு. உங்கள் மகன் சுவரில் ஒட்ட வேண்டிய இரண்டாவது படம் மார்க்கஸ் டூப்ரீ.

மிசிசிப்பியின் பிலடெல்பியா ஊர்க்காரர். 1964-ல், அந்த வட்டாரத்தில் மூன்று உரிமைப் போராளிகள் கொல்லப்பட்ட கோடைக்குச் சற்று முன் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் ஹெர்ஷலின் 86 டச்டவுன் சாதனையை 87 எடுத்து முறியடித்தார். அவர் வீட்டு வாசலிலும் கோச்சுகள் தவமிருந்தார்கள். ஓக்லஹோமாவில் சேர்ந்து, முதல் வருட முடிவில் ஃபீஸ்ட்டா பவுலில் 17 ஓட்டத்தில் 239 யார்டு எடுத்தார். ஆட்டம் முடிந்ததும், எடை கூடிவிட்டது, ஒழுங்காகத் தயாராகி வந்திருந்தால் இன்னும் ஓடியிருக்கலாம் என்று கோச் பேரி ஸ்விட்சர் குறைபட்டார். அடுத்த அக்டோபரில் டூப்ரீ கல்லூரியை விட்டே போனார். 1985-ல் முழங்கால் போனது. பின்னாளில் லாரி ஓட்டினார். இவரும் உழைக்காதவர் இல்லை. திறமையில் ஹெர்ஷலுக்கு ஒரு படி மேல் என்று சொல்கிறவர்கள் உண்டு.

உங்கள் மகனை விளையாடாதே என்று சொல்லச் சொல்லவில்லை. பதினான்கு வயதில் உடம்பு ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்ளும் சந்தோஷத்தைத் தடுக்க நான் யார்? தண்டாலும் எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவனுடைய ஆட்டம் வெள்ளிக்கிழமை இரவுகளில்தானே நடக்கும்? இந்த வாரம் போகும்போது ஒரு பேனாவும் தாளும் எடுத்துப் போங்கள். கோச் அவன் கையில் எத்தனை முறை பந்தைக் கொடுத்தார், எத்தனை முறை அவன் எழுந்திருக்க நேரமானது என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

பில் பேட்ஸ் என்ன ஆனார் என்று மகன் கேட்டால் சொல்லுங்கள்: டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில் பதினைந்து பருவம் ஆடினார். 1986-ல் அந்த அணிக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களில் ஹெர்ஷல் வாக்கரும் ஒருவர்.