எந்தச் சாப்பாட்டுக்கு எந்த பிரெஞ்சு ஒயின்? கேட்டவற்றுக்கு என் பதில்கள்

லியோனில் ஒரு சின்ன உணவகத்தில் 14 வருடமாக ஒயின் ஊற்றிக் கொடுக்கிறேன். போன வாரம் "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று சும்மா சொல்லி வைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். 200 யூரோ பாட்டிலைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அதெல்லாம் என் பக்கம் வருவதில்லை.

அக்கா, மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு. இவ்வளவுதானே?

பாதி சரி. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலின் துவர்ப்பு இருக்கும், பச்சை நெல்லிக்காயைக் கடித்ததும் நாக்கு இழுக்குமே, அது. கறியின் கொழுப்பும் புரதமும் அதை அடக்கிவிடும். மீன் அடக்காது. போதாததற்கு, இரும்புச் சத்து அதிகமுள்ள சிவப்பு ஒயின் மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் கவுச்சி தங்கும். ஆனால் பொர்தோவில் லம்ப்ரே என்று பாம்பு மாதிரி ஒரு மீனை அதன் ரத்தத்தோடு சிவப்பு ஒயினிலேயே கொதிக்கவைத்து, சிவப்பையே குடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அதனால் மீனா கறியா என்று பார்ப்பதைவிட, அது எந்தக் குழம்பில் கிடக்கிறது என்று பாருங்கள்.

சிப்பிக்கு மஸ்காதே நல்லது என்றார்கள். வாங்கினேன், தேன் மாதிரி இனித்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி, நீங்கள் வாங்கியது மஸ்கா. பெயர்தான் ஒட்டிப் பிறந்தது, ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது. மஸ்காதே, லுவார் ஆறு கடலில் சேரும் இடத்தில், நாந்த் நகரைச் சுற்றி விளைவது. துளி இனிப்பு இருக்காது. 1709-இல் வந்த கடுங்குளிரில் அங்கே கொடிகள் செத்துப்போன பிறகு, குளிர் தாங்கும் மெலோன் என்ற திராட்சைதான் ஊரையே பிடித்துக்கொண்டது. லேபிளில் 'சுர் லீ' என்று இருக்கிறதா பாருங்கள். புளிக்கவைத்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுக்க விட்டு வைத்தது என்று அர்த்தம். நாக்கில் லேசாகக் குறுகுறுக்கும். சிப்பியின் உப்புத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் உறிஞ்சிவிட்டு உடனே ஒரு வாய் குடித்தால், எலுமிச்சை பிழிய வேண்டிய வேலையே இல்லை. ஷப்லி என்ற வெள்ளை ஒயினும் பொருந்தும், அது விளையும் மண்ணிலேயே பழங்காலச் சிப்பி ஓடுகள் கிடக்கின்றன. ஆனால் விலை கூட, சிப்பிக்காக அவ்வளவு கொடுக்க எனக்கு மனசு வராது.

ஜூரா பக்கம் போயிருந்தோம். மஞ்சளாக ஒரு ஒயின் கொடுத்தார்கள், கெட்டுப்போன வாசனை. அதைப் போய் இவ்வளவு விலைக்கு விற்கிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அது 'வேன் ஜோன்', மஞ்சள் ஒயின் என்றே அர்த்தம். சவான்யேன் திராட்சையில் செய்து, குறைந்தது ஆறு வருடம் மூன்று மாதம் மரப் பீப்பாயில் வைக்கிறார்கள். மற்ற ஊர்களில் ஒயின் ஆவியாகக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்கள். இங்கே நிரப்ப மாட்டார்கள். பால் ஆறினால் ஆடை படியுமே, அது மாதிரி ஒயின்மேல் ஈஸ்ட் ஒரு படலமாகப் படிந்து, காற்றை அளவோடுதான் உள்ளே விடும். கடைசியில் ஒரு லிட்டரில் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பது கணக்கு, அதற்கென்றே குட்டையாக, தோள் அகன்ற 62 சென்டிலிட்டர் பாட்டில் இருக்கிறது, கிளாவ்லேன் என்று பெயர்.

அந்த வாசனை கெட்ட வாசனை இல்லை. சோத்தோலோன் என்ற ஒரு பொருள், வெந்தயத்தில் மணப்பதும் அதேதான்! நான் முதல் தடவை முகர்ந்தபோது புதுச்சேரியில் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது, கூட இருந்த பிரெஞ்சுக்காரர்கள் அக்ரூட், அக்ரூட் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃப்ரிட்ஜில் வைக்காமல், சாப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். கிரீமும் மொரில் காளானும் சேர்த்த கோழி, இல்லையென்றால் நன்றாக முற்றிய கோம்தே சீஸ். திறந்த பாட்டில் வாரக்கணக்கில் தாங்கும், அவசரமே இல்லை.

சீஸ் தட்டுக்கு நல்ல சிவப்பாக ஒன்று சொல்லுங்கள்.

சிவப்பே வேண்டாம் என்கிறேன். பெரும்பாலான சீஸுக்கு வெள்ளைதான் ஒத்துவரும், ஆனால் விருந்துக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஷவின்யோல் ஆட்டுப்பால் சீஸ் எந்த ஊரிலிருந்து வருகிறதோ, அந்த ஊர் சான்செர் ஒயின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது, ரெண்டும் சேர்ந்தே வளர்ந்தவை. ரொக்ஃபோர் என்ற நீலப்பூசண சீஸின் உப்புக்கு, சொத்தேர்ன் என்ற வெள்ளை ஒயினின் இனிப்பு, கடலை மிட்டாயில் ஒரு கல் உப்பு பட்ட மாதிரி. அல்சாஸின் மன்ஸ்தேர் சீஸ், தெருமுனை வரை மணக்குமே, அதற்கு அதே ஊர் வெள்ளை ஒயின் கெவுர்ஸ்ட்ராமினர்.

பொஜொலே நூவோ வாங்கலாமா?

அந்த வருட அறுவடையில் செய்து, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் புது ஒயின் அது. அன்று நண்பர்களோடு ஒரு பாட்டில், சரி. மற்ற நாளில் மொர்கோன், ஃப்ளேரி மாதிரி ஊர்ப்பெயர் போட்டதை வாங்குங்கள். அதே கமே திராட்சைதான், 1395-இல் பூர்கோஞ் பிரபு அதைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார், எங்கள் லியோன்காரர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, சோசிசோன் என்ற உலர்ந்த சாசேஜோடு குடியுங்கள்.

வாத்து கோன்ஃபிக்கு, அதன் கொழுப்பிலேயே வேகவைத்த வாத்துக்கு?

மதிரான் என்ற சிவப்பு. துவர்ப்பு சட்டையைப் பிடித்து உலுக்கும், வாத்துக் கொழுப்புக்கு அதுதான் மருந்து.

பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் நண்டு வாங்கி வந்து புளி ஊற்றி, காரமாகக் குழம்பு வைப்போம். எதைத் திறக்கலாம் அக்கா?

உண்மையைச் சொன்னால், மோர். அதிக ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். புளி வேறு, தன்னைவிடப் புளிப்புக் குறைந்த எந்த ஒயினையும் தண்ணீர் ஆக்கிவிடும். வெந்தயம் ஒத்துப்போகும் என்று நம்பி ஒரு தடவை மீன் குழம்போடு வேன் ஜோனைத் திறந்தேன், 35 யூரோ, குழம்பு அதை ரெண்டு வாயில் அமுக்கிவிட்டது. கட்டாயம் ஒயின்தான் என்றால் லுவார் பக்கத்து வூவ்ரே, 'தெமி-செக்' என்று போட்டது. புளிப்பும் இருக்கும், கொஞ்சம் இனிப்பும் இருக்கும். நன்றாகச் சில்லென்று.

பிறந்தநாள் கேக்குக்கு ஷாம்பெய்ன் ஏன் கசக்கிறது?

'ப்ரூட்' வாங்கியிருப்பீர்கள். லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை, கேக் பக்கத்தில் அது வினிகர். கேக்குக்கும் தெமி-செக் கேளுங்கள். ப்ரூட்டை வடை, சிப்ஸ் வகையறாவோடு குடித்துப் பாருங்கள், அப்புறம் கேக்கைத் தேட மாட்டீர்கள்.

சவுவா மலையில் ஃபோந்து, அதாவது உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டபோது தண்ணீர் குடிக்கக் கூடாது, சீஸ் வயிற்றில் கட்டியாகிவிடும், வெள்ளை ஒயின்தான் கரைக்கும் என்றார்கள். நிஜமா?

2010-இல் சூரிச்சில் ஃபோந்து கொடுத்தே சோதித்தார்கள். ஒயின் குடித்தவர்களின் வயிறு, கறுப்புத் தேநீர் குடித்தவர்களைவிட மெதுவாகத்தான் காலியானது. ருசிக்கு சவுவாவின் வெள்ளை ஒயின் அப்ரமோன் எனக்குப் பிடிக்கும், செரிமானத்துக்கு என்றால் தயங்காமல் தேநீர் கேளுங்கள், கொண்டுவருவார்கள்.